தோல் நோய் சிகிச்சை: களிம்பு தடவும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

தோல் நோய்ப் பிரிவில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை நோயாளிக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. எந்தக் களிம்பு எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து "குணமாகவில்லை" என்று திரும்பி வருகிறவர்களில் பலருக்கு மருந்தை மாற்ற வேண்டியே இருப்பதில்லை. தடவிய அளவு போதாமல் இருந்திருக்கும், பாதியில் நிறுத்தியிருப்பார்கள், அல்லது மருத்துவரைப் பார்க்கும் முன்பே யாரோ கொடுத்த ஒரு களிம்பு நோயின் உருவத்தையே மாற்றியிருக்கும்.

அதனால் இதை நோய்களின் பட்டியலாக எழுதாமல், செய்ய வேண்டியவற்றின் வரிசையில் எழுதுகிறேன். இதைப் படித்து யாரும் தானாக மருந்து வாங்க வேண்டாம். மருத்துவர் தரும் மருந்து முழுதாக வேலை செய்ய வேண்டும் என்பதே என் கவலை.

1. காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் பிரித்துவிடுங்கள்

தோல் பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஒரு வாரம் பொறுக்கும். சில, ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காது. அரிப்பின் கடுமையை வைத்து அவசரத்தை அளக்காதீர்கள். காய்ச்சல், வலி, தோல் எரிவது, வாய்ப்புண், மூச்சுத் திணறல் ஆகியவைதான் அவசரத்தின் அடையாளங்கள்.

புதிய மாத்திரை ஒன்றைத் தொடங்கிய சில நாட்களில் அல்லது சில வாரங்களில் காய்ச்சல் வந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் தீப்பட்டதுபோல் வலித்தால் அது மருந்து ஒவ்வாமையின் கொடிய வடிவமாக இருக்கலாம். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், லமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் அலோபியூரினால், சல்ஃபா வகை மருந்துகள் ஆகியவை இதற்குப் பெயர் போனவை. அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். தோல் உரியத் தொடங்கும் வரை காத்திருந்தால், பெரிய தீக்காயத்தில் வரும் அத்தனை சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

தடிப்புகளோடு உதடோ நாக்கோ வீங்கினாலும் அதே அவசரம்தான். காய்ச்சலோடு ஊதா நிறப் புள்ளிகள் தோன்றினால் ஒரு கண்ணாடித் தம்ளரை அவற்றின்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதும் மறையாவிட்டால் தோலுக்கடியில் இரத்தம் கசிகிறது என்று பொருள். உடனே கிளம்புங்கள். ஒரு காலில் சூடான, வலிக்கும் வீக்கம் பரவினால் அதன் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் புறப்படுங்கள். கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது மருத்துவருக்குப் பெரிய தகவல்.

அடர்நிறத் தோலில் ஏமாந்துபோவது எளிது. 'சிவந்திருக்கும்' என்று புத்தகங்கள் சொல்வது அந்தத் தோலில் பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல், புறங்கையால் தொட்டுச் சூட்டையும் வீக்கத்தையும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவசரமில்லை என்றாலும் தள்ளிப்போடக் கூடாதவை இரண்டு. வடிவமோ நிறமோ மாறிக்கொண்டே போகும் மச்சம் ஒன்று. உள்ளங்கால், நகத்தடி போன்ற இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த, வெளிறிய திட்டு மற்றொன்று. அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் மாத்திரைகளாலேயே முழுதாகக் குணமாகிறது. ஆனால் தாமதத்தால் கெட்டுப்போன நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

2. கையில் கிடைத்ததைத் தடவாதீர்கள், படம் எடுங்கள்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 'அரிப்புக் களிம்பு' பல நேரம் ஸ்டீராய்டு கலந்தது. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று குழாயில் சிறிய எழுத்தில் இருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை; சரியான நோய்க்கு அதைப்போல் உதவுவது அரிது. ஆனால் பூஞ்சையால் வரும் படர்தாமரையில் அதைத் தடவினால், தோலின் எதிர்ப்பை அடக்கி அரிப்பை நிறுத்திவிடும். பூஞ்சை தடையின்றி வளரும்.

ஒருவர் இடுப்பைச் சுற்றி உள்ளங்கை அகலத் திட்டுகளோடு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். வாய்ப்பக்கம் வரை சுருட்டி, நகத்தால் அழுத்தி, கடைசிச் சொட்டும் வழித்தெடுத்த குழாய். "இதைத் தடவினால் இரண்டே நாளில் நின்றுவிடுகிறது சிஸ்டர், நிறுத்தினால்தான் வருகிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் கதை முழுக்க இருந்தது. வட்டமான விளிம்பு கலைந்து, நடுவில் புதிய பருக்கள் கிளம்பி, படர்தாமரை என்று அடையாளமே தெரியாத நிலை. தோல் மெலிந்து, இடுப்பு மடிப்பில் ஊதா வரிகள் விழுந்திருந்தன. பூஞ்சை போய்விட்டது. வரிகள் இன்னும் இருக்கின்றன.

ஆகவே புதிதாக ஏதாவது தோன்றினால் வெறும் ஈரப்பதக் களிம்பைத் தவிர வேறு எதையும் தொடாமல் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஒரு படம் தூரத்திலிருந்தும் ஒன்று அருகிலிருந்தும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். தடிப்புகள் மருத்துவரைப் பார்க்கும் நாளில் மறைந்துபோகும் பழக்கம் உடையவை. அப்போது அந்தப் படம்தான் சாட்சி.

ஒரு விலக்கு உண்டு. மாதக்கணக்கில் வீரியமான ஸ்டீராய்டைத் தடவி வந்தவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். தோல் மூர்க்கமாகத் திருப்பியடிக்கும். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

3. மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

தடவிய குழாய்கள் அனைத்தையும் ஒரு பையில் போடுங்கள். தீர்ந்துபோன குழாயும் வேண்டும். 'வெள்ளையும் பச்சையுமாக ஒரு டியூப்' என்ற விவரணை எதற்கும் உதவாது. கடந்த இரண்டு மாதத்தில் விழுங்கிய மாத்திரைகள், வலி நிவாரணி, சத்து மாத்திரை, மூலிகை மருந்து எல்லாம் அந்தப் பையில் சேர வேண்டும்.

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த நாளில், உடலில் எந்த இடத்தில் தொடங்கியது, எந்தத் திசையில் பரவியது, அரிப்பு எந்த நேரத்தில் அதிகம், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது. நான்காவதைக் கேட்டால் பலரும் யோசித்துவிட்டு "ஆமாம், அவருக்கும் கொஞ்ச நாளாக..." என்பார்கள். சிரங்கைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த 'ஆமாம்'தான்.

முகப்பூச்சும் நகப்பூச்சும் இல்லாமல் வாருங்கள். நகத்தில் குழிகள் இருக்கின்றனவா, நகம் தடித்து மஞ்சளாகியிருக்கிறதா என்பதை வைத்தே சில நோய்கள் உறுதியாகும்.

4. மருத்துவர் அறையில்

காட்ட வெட்கப்படும் இடத்தை மறைக்காதீர்கள். முழங்கையில் ஒரு திட்டைக் காட்டுகிறவரின் உச்சந்தலையையும் தொப்புளையும் மருத்துவர் பார்க்கக் கேட்பது காரணமில்லாமல் இல்லை. காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) அங்கெல்லாம் ஒளிந்திருக்கும்.

பல நோய்களைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் சிறு பரிசோதனைகள் செய்வார்கள். படர்தாமரையா என்று அறியத் திட்டின் விளிம்பைச் சுரண்டி, உதிர்ந்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் கிளை பிரிந்து தெரியும். பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்தால் இழைகள் தெரியாமல் போகலாம். இரண்டாம் படியில் எதையும் தடவாதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்ட பொருளால் வரும் ஒவ்வாமையா என்று பார்க்க, சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி 2 நாள் கழித்து எடுத்து, மீண்டும் இரண்டு நாளில் ஒருமுறை பார்ப்பார்கள். இடையில் முதுகை நனைக்கக் கூடாது. தோல் துணுக்கு எடுக்க வேண்டி வந்தால் பயப்பட வேண்டாம். இடத்தை மரக்கச் செய்து, வழக்கமாக 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத் துண்டுதான் எடுப்பார்கள்.

வெளியே வரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்த நோயின் பெயர் என்ன? எத்தனை நாளில் மாற்றம் தெரியும்? அரிப்பு நின்றதும் நிறுத்தலாமா, தொடர வேண்டுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்காதவர்கள்தான் மறுமாதம் என் முன்னால் உட்காருகிறார்கள். கர்ப்பமாக இருந்தாலோ, கருத்தரிக்க எண்ணியிருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ கேட்கப்படும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். தோல் மருந்துகளில் கருவுக்குக் கேடானவை பல.

5. எவ்வளவு தடவுவது

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். 'மெல்லியதாகத் தடவவும்' என்று சீட்டில் எழுதியிருக்கும். அதை ஒருவர் பொட்டளவு என்று எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் பூசுகிறார்.

தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு விரல்நுனி. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை, குழாயிலிருந்து ஒரே நீளமாகப் பிதுக்குங்கள். 5 மில்லிமீட்டர் வாய் உள்ள குழாயில் இது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு இது போதும். குழந்தைக்குத் தடவினாலும் அளக்கும் விரல் பெரியவருடையதுதான்.

பெரியவருக்கு முகமும் கழுத்தும் சேர்த்து இரண்டரை விரல்நுனி, ஒரு முழுக் கைக்கு 4, ஒரு முழுக் காலுக்குப் பாதத்தோடு 8, மார்பும் வயிறும் 7, முதுகு 7. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கைகளிலும் முழுக்கக் கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர் ஒரு முறை தடவ 4 கிராம் வேண்டும். நாளுக்கு ஒருமுறை என்றாலும் 15 கிராம் குழாய் நான்காம் நாளோடு தீர்ந்துவிடும். அதே குழாயை ஒரு மாதம் வைத்திருந்தேன் என்று பெருமையோடு சொல்கிறவருக்கு நோய் குறையாததில் வியப்பில்லை.

ஈரப்பதக் களிம்பையும் மருந்தையும் ஒரே நேரத்தில் குழைத்துப் பூசாதீர்கள். மருந்து நீர்த்துப்போகும். இரண்டுக்கும் நடுவே இருபது, முப்பது நிமிடம் விடுங்கள். உடம்பின் ஒரு பகுதிக்குத் தந்ததை இன்னொரு பகுதிக்கு மாற்றாதீர்கள். உள்ளங்கைத் தோல் தடிமனானது, வீரியமான மருந்தையும் தாங்கும். அதே மருந்து கண்ணிமையிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பல மடங்கு உள்ளே இறங்கும்.

6. படர்தாமரை

வட்டமாகப் பரவி, விளிம்பு தூக்கலாகவும் நடுப்பகுதி தெளிந்தும் இருக்கும். சிறிய திட்டுகளுக்கு டெர்பினாஃபின், குளோட்ரிமசோல் போன்ற களிம்புகள் போதும். பரவியிருந்தால் டெர்பினாஃபின் அல்லது இட்ராகொனசோல் மாத்திரை தருவார்கள். தலைமுடியிலோ நகத்திலோ வந்திருந்தால் களிம்பு பெரும்பாலும் போதாது. முடிவேருக்குள்ளும் நகத்தட்டுக்கு அடியிலும் அது எட்டாது. கால் நகத்துக்கு மாத்திரை 12 வாரம் வரை போகும். அப்போதும் நகம் உடனே அழகாகிவிடாது. புது நகம் வளர்ந்து பழையதைத் தள்ள ஓராண்டுகூட ஆகலாம்.

தடவும்போது விளிம்பைத் தாண்டி சுற்றிலும் 2 சென்டிமீட்டர் சேர்த்துத் தடவுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. திட்டு மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை, வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வாரம், தொடருங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் இதில் நான் பார்க்கும் முதல் தவறு.

இரண்டாவது தவறு துணி. பூஞ்சைக்குப் பிடித்தது ஈரமும் வெப்பமும். குளித்தபின் இடுக்குகளையும் கால்விரல் நடுவையும் ஒற்றி உலர்த்துங்கள். துண்டைப் பகிராதீர்கள். உள்ளாடையை நாள்தோறும் மாற்றி, முழுக்கக் காய்ந்ததையே உடுத்துங்கள். பாதத்தில் சேற்றுப்புண் இருந்தால் சாக்ஸைப் போட்டுக்கொண்ட பிறகே உள்ளாடையை அணியுங்கள். பாதம் வழியாக உள்ளாடையை ஏற்றும்போது பூஞ்சையும் கூடவே இடுப்புக்கு ஏறிவிடும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும்.

7. சிரங்கு

மருந்து எளிது, நிறைவேற்றுவது கடினம் என்பதால் இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. இரவில் அரிப்பு தாங்காது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பருக்கள் தோன்றும்.

முதன்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதாவது, அரிப்பே இல்லாத உங்கள் கணவரோ குழந்தையோ இப்போது உண்ணியைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் அரிக்கிறதோ இல்லையோ, ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே இரவில் தடவ வேண்டும் என்கிறோம். ஒரு குடும்பம் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டேன். வெளியூர் வேலையிலிருந்து வார இறுதியில் மட்டும் வீடு வரும் மூத்த மகன் ஒருமுறைகூடத் தடவவில்லை. அவரையும் சேர்த்துத் தடவிய பிறகு அந்த வீட்டில் சிரங்கு இல்லை.

வழக்கமான மருந்து 5 சதவீத பெர்மெத்ரின். வெந்நீரில் குளித்த கையோடு தடவாதீர்கள். தோல் ஆறி உலர்ந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, அரிக்காத இடத்தையும் விடாமல் தடவுங்கள். பெரியவருக்குப் பொதுவாக 30 கிராம் தேவைப்படும். நகத்தை ஒட்ட வெட்டி, நகத்தடியிலும் தேய்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கண், வாய் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் தடவச் சொல்வார்கள். 8 முதல் 14 மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். உண்ணிக்கு மிகவும் பிடித்த இடம் விரல் இடுக்கு. மருந்து முதலில் கழுவப்படும் இடமும் அதுவே.

காலையில் குளித்ததும், முந்தைய மூன்று நாளில் புழங்கிய துணியும் படுக்கை விரிப்பும் வெந்நீருக்குப் போக வேண்டும். துவைக்க முடியாததைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டு விலகிய உண்ணி சில நாளில் இறந்துவிடும். 7 முதல் 14 நாளுக்குள், மருத்துவர் குறித்த நாளில் எல்லோரும் இரண்டாவது முறை தடவ வேண்டும். இடையில் முட்டையிலிருந்து வந்தவற்றை அழிப்பதற்காக இது. ஐவர்மெக்டின் மாத்திரையும் இதேபோல் இரண்டு தவணையாகத் தரப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக அதைக் கொடுப்பதில்லை.

சிகிச்சை சரியாக நடந்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். இறந்த உண்ணிக்கு எதிராகத் தோல் காட்டும் எதிர்வினை அது. பயந்துபோய் பெர்மெத்ரினை நாள்தோறும் தடவினால் தோல் வறண்டு அரிப்பு கூடும்.

8. கரப்பான்

வறட்சியும் அரிப்பும் சொறிதலும் ஒன்றையொன்று வளர்க்கும் நோய் இது. குழந்தைகளின் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் அதிகம். முற்றிலும் தீர்த்துவிடும் மருந்து என்று ஒன்றைத் தேடி அலைவதைவிட, அடக்கி வைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்வது குழந்தைக்கு நிம்மதி தரும்.

வரிசை இதுதான்: இளஞ்சூடான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மணமில்லாத ஈரப்பதக் களிம்பை முடி வளரும் திசையில் தடவுங்கள். சற்று இடைவெளி விட்டு, புண்பட்ட இடத்தில் மட்டும் ஸ்டீராய்டு. ஈரப்பதக் களிம்பில் கஞ்சத்தனம் கூடாது. உடல் முழுக்கக் கரப்பான் உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வேண்டும். டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும், அடுப்பருகே கவனம்.

இங்கே தவறு நேர்மாறாக நடக்கிறது. படர்தாமரையில் ஸ்டீராய்டை அள்ளிப் பூசுகிற அதே வீட்டில், கரப்பானுக்கு மருத்துவர் தந்த ஸ்டீராய்டைத் தொடப் பயப்படுகிறார்கள். அரைகுறையாக இரண்டு நாள் தடவி நிறுத்தினால் நோய் திரும்பும், மறுபடி தொடங்க வேண்டி வரும், கடைசியில் மொத்த அளவுதான் கூடும். சொன்ன நாள்வரை, தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாகும்வரை முழுதாகப் போடுங்கள். பிறகு அடிக்கடி கிளம்பும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தொடரச் சொல்வது உண்டு. கண்ணிமை, முகம் ஆகியவற்றுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு தருவார்கள். அது தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும், அதற்காக நிறுத்த வேண்டாம்.

தேன் நிறப் பொருக்கு கட்டினால் கிருமித் தொற்று. ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் இருந்தால் அது அக்கி வகை வைரஸ் பரவலாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

9. முகப்பரு

பரு மருந்து வந்த பருவை மறையச் செய்வதைவிட, வரப்போகும் பருவைத் தடுப்பதையே அதிகம் செய்கிறது. இது புரியாதவர்கள் பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பார்கள். அடாபலீன் போன்ற மருந்தை இரவில், பட்டாணி அளவு எடுத்து, நெற்றி, கன்னம், தாடை என்று பரு வரும் பகுதி முழுக்கப் பரப்ப வேண்டும். முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு தடவுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் போதும். உரிந்தால் ஈரப்பதக் களிம்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரத்தில் பரு கூடியதுபோல் தோன்றலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் மனம் உடைந்து விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், அதிலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்காகவே தொடங்கும் நாளில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். கண்ணாடி காட்டாத மாற்றத்தைப் படம் காட்டும்.

பென்சாயில் பெராக்சைடு துணியின் நிறத்தை வெளுக்கும், வெள்ளைத் துண்டையே பயன்படுத்துங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தனியாகவோ, மாதக்கணக்கில் நீட்டித்தோ சாப்பிடக் கூடாது. கிருமி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். கட்டிகளாக வந்து குழிவிழும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது கருவுக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும். மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. மாத்திரையை யாருக்கும் பகிர்ந்து கொடுக்காதீர்கள்.

10. இன்னும் நான்கு, சுருக்கமாக

காளாஞ்சகப்படை தொற்றாது. முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிச் செதிலோடு தடித்த திட்டுகள் இருக்கும். ஸ்டீராய்டும் கால்சிபோட்ரியாலும் சேர்ந்த களிம்பு, 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட், ஊசி மருந்துகள் என்று படிப்படியாகப் போவார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தவறி நாள்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரைப் பெட்டியின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். காலையில் எழும்போது மூட்டுகள் இறுகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோய் மூட்டையும் தாக்கும்.

காணாக்கடி என்கிற தடிப்பில், ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு மறுநாள் பாருங்கள். ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தழும்பின்றி மறைந்து வேறிடத்தில் கிளம்பினால் அது காணாக்கடிதான். அதே இடத்தில் நின்று கன்றிப்போனால் இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், காட்ட வேண்டும். செட்டிரிசின் போன்ற மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல், மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் போட்டால்தான் தடிப்பு கிளம்பாமல் இருக்கும்.

தேமலில் பூஞ்சை போனபிறகும் வெளிறிய நிறம் சில மாதம் நிற்கும். நிறம் திரும்பவில்லை என்று மருந்தை மறுபடி மறுபடி தேய்க்க வேண்டாம். செதில் உதிர்கிறதா என்று நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உதிராவிட்டால் காத்திருப்பதே சிகிச்சை.

கன்னத்து மங்குக்கு முதல் மருந்து வெயில் தடுப்புக் களிம்பு. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் தடவி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். நிறம் கலந்த வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மங்குக்குக் கூடுதலாக உதவும். ஹைட்ரோகுவினோன் கலந்த களிம்பைச் சொன்ன மாதங்களுக்கு மேல் நீட்டினால் தோல் நிரந்தரமாகக் கருநீலமாகிவிடலாம்.

11. குணமாகவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை

மருத்துவரை மாற்றும் முன் முதலில் அளவைப் பாருங்கள். விரல்நுனிக் கணக்குப்படி இத்தனை நாளில் எத்தனை குழாய் தீர்ந்திருக்க வேண்டும், எத்தனை தீர்ந்தது? அடுத்து நாள் கணக்கு. பருவுக்கு 12 வாரமும் நகத்துக்குப் பல மாதமும் கடந்தனவா? அதன்பின் வீட்டில் இருப்பவர்கள்: துண்டு, படுக்கை, சிகிச்சை எடுக்காத ஒருவர். அதற்கும் பின், சீட்டில் இல்லாத எதையாவது கூடவே தடவினீர்களா என்று நேர்மையாக யோசியுங்கள். அதைச் சொன்னால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். சொல்லாவிட்டால்தான் தவறான மருந்து எழுதப்படும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால், நோயின் பெயரையே மீண்டும் சோதிக்க வேண்டிய நேரம் அது. சுரண்டல் பரிசோதனையோ தோல் துணுக்கோ அப்போது தேவைப்படும். மறுமுறை வரும்போது பாதி தீர்ந்த குழாயையும் தொடக்க நாள் படத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். குழாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.